பீங்கானுக்கு ஒரு மொட்டை மாடி

செப்டம்பர் 8, திங்கள்

மூட்டம். மழை இல்லை. முதலாமாண்டு விடைத்தாள்கள். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் மின்சாரச் சொற்களை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதுதானே என் ஆராய்ச்சி. 'மின்தடை என்றால் என்ன?' கம்பியில் மின்சாரம் ஓடுவதை எதிர்க்கும் தன்மை என்று எழுதியவர்கள் பாதி. மீதிப் பேருக்கு அது கரண்ட் கட். ஒரு புண்ணியவான்: 'எங்கள் ஊரில் தினமும் மாலையில் வரும்.' தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

இவர் சாப்பிட வரவில்லை. ஆய்வகத்தில் பூச்சு பூசிக்கொண்டிருக்கிறார்.

செப்டம்பர் 10, புதன்

வெயில். வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, சீயக்காய், இவருக்குப் பனியன் (பழையது பூச்சில் ஒட்டிப் போயிற்று).

அம்மா போனில்: "மாப்பிள்ளை என்னதான்டி பண்றாரு?" சொன்னேன். மின்கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் இருக்கிறதே, அதில் தூசி படிந்து தூறலும் விழுந்தால் கரண்டு கசியும். இவர் பூச்சில் தண்ணீர் உருண்டு ஓடிவிடும். ஆய்வகத்தில் ஓடுகிறது. வெளியில் ஓடுமா என்று பார்க்கத் தூசி விழும் இடம் வேண்டும். கடத்தூர்ப் பக்கம், கல் உடைக்கும் கிரஷரை ஒட்டி மாதையன் என்பவர் வீட்டு மொட்டை மாடி தோதான இடம். மழைக்கு முன் ஏற்றாவிட்டால் ஒரு வருடம் போச்சு. இவரோ யாரிடமும் போய்க் கேட்கிற ஆள் இல்லை. "நீயே பேசு, உனக்குத்தான் வாய் இருக்கு" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

செப்டம்பர் 11, வியாழன்

மானம் போயிற்று.

மாதையன் வீட்டுக்குப் போய், வகுப்பெடுக்கிற குரலில் சொல்லிவிட்டேன்: "இந்தப் பூச்சு மின்தடையை அதிகமாக்கும்ங்க."

மாதையன் முகம் மாறிவிட்டது. "ஏற்கனவே எங்க லைன்ல கரண்டு நிக்கறதே இல்லீங்க. இன்னும் தடையை அதிகமாக்க எங்க வூட்டு மாடிதான் கெடச்சுதுங்களா?"

விளக்க விளக்க மோசமாயிற்று. உள்ளேயிருந்து அவர் மனைவி: "மோட்டார் ஓடலைன்னா தக்காளி என்னாவறது? வேண்டாம்னு சொல்லி அனுப்புங்க." அனுப்பிவிட்டார்கள். மோர் கொடுத்துத்தான்.

பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்த வாய்.

இவரிடம் பயந்துகொண்டே சொன்னேன். திட்டவில்லை. டீ புரையேறச் சிரித்தார். "உன் கட்டுரைக்கு நல்ல உதாரணம்!" அப்புறம் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஆய்வகத்துக்குப் போய்விட்டார். அதுதான் வலித்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

லேசான தூறல். இவரையும் இழுத்துக்கொண்டு மறுபடி கடத்தூர். பைக்கில் நடுவே பீங்கான் பெட்டி.

மாதையன்: "மேடம், நீங்க பேசாதீங்க. சார் பேசட்டும்."

உள்ளே அவர் மனைவி யாரையோ கன்னடத்தில் கூப்பிட்டார். இவர் முகத்தில் ஒரு தெளிச்சி. இவர் வீட்டிலும் கன்னடம்தான். ஆரம்பித்தார் பாருங்கள்! கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

வேகமாகப் பேசினால் எனக்குப் புரியாது என்று இவருக்கு நினைப்பு. மாமியார் புண்ணியத்தில் எல்லாம் புரியும். கரண்டு நிற்காது, கசியாமல்தான் காக்கும் என்றது புரிந்தது. இதுவும் சரியாக வராவிட்டால் ஆராய்ச்சியையே விட்டுவிடப் போகிறேன், இவளிடம் இன்னும் சொல்லவில்லை, தாங்கமாட்டாள் என்றதும் புரிந்தது. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாதையன் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தமிழில்: "ஏணி பின்னால இருக்குதுங்க சார். ஏத்திக்கோங்க."

இவர் ஏற, நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். எல்லாப் பீங்கானும் மாடியில்.

திரும்பும்போது கேட்டேன். "அவர்கிட்ட என்னங்க சொன்னீங்க?"

"ஒன்னுமில்ல. தூசி, மழை, அது இதுன்னு."

சரி என்றேன். பைக்கில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.