ஆறு மணி மாத்திரை, ஏழு மணி காய்ச்சல்

மே 4, திங்கள்
இந்த முதியோர் இல்லத்துக்கு நர்ஸாக வந்து ஒன்பது வருடம். இப்படி ஒரு விதியைப் பார்த்ததில்லை. காய்ச்சல் இருந்தால்தான் தொற்றுப் பரிசோதனையாம். ஆறாம் அறை டீச்சரம்மா இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை, எழுந்து உட்காரவும் முடியவில்லை. மேனேஜரிடம் சொன்னேன். "காய்ச்சல் இல்லையே சிஸ்டர், சும்மா பீதியக் கிளப்பாதீங்க."

மே 5
டீச்சரம்மா 98.4. சாப்பிடவில்லை.

மே 6
மரமண்டை! வேறு யாரும் இல்லை, நான்தான். காலை ஆறு மணிக்கு எல்லாருக்கும் மூட்டுவலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கிறேன். ஏழு மணிக்கு நானே காய்ச்சல் பார்க்கிறேன். அந்த மாத்திரை காய்ச்சலையும் அமுக்கிவிடும் என்று எனக்குத் தெரியாதா? மூன்று வாரமாக ஒருவருக்கும் காய்ச்சலே இல்லை என்று மேனேஜர் ஊரெல்லாம் பெருமையடித்தார். எப்படி வரும்?

மேனேஜரிடம் ஓடிப்போய், மாத்திரைக்கு முன்னால் காய்ச்சல் பார்க்கலாம் என்று சொன்னேன். "ஏழு மணின்னு மேலிடத்துல போட்டிருக்காங்க. மாத்த எனக்கு அதிகாரம் இல்ல." உயிரைவிடக் காகிதமா பெரிசு?

மே 7
டீச்சரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். "வலிச்சா பொறுத்துக்கறேன், நீ பாரும்மா" என்றார். மாத்திரை கொடுக்கவில்லை. ஏழு மணிக்கு 101.8.

தெர்மாமீட்டரை மேனேஜர் மூக்குக்கு நேராக நீட்டினேன். "யாரக் கேட்டு மாத்திரைய நிறுத்தினீங்க?" – மனுஷன் கேட்ட முதல் கேள்வி இது! பிறகு வேறு வழியில்லாமல் எல்லாருக்கும் பரிசோதனைக்கு எழுதினார்.

மே 9
டீச்சரம்மாவுக்குத் தொற்று. இன்னும் எட்டுப் பேருக்கும். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது என் கையை விடவே இல்லை.

மே 16
டீச்சரம்மா போய்விட்டார்.

மே 19
அவர் மகன் துணிமணிகளை எடுக்க வந்திருந்தார். மேனேஜர் காய்ச்சல் தாள்களை மேஜையில் பரப்பினார். "ஆறாம் தேதி வரைக்கும் தினமும் பாத்திருக்கோம் சார். ஒருநாள்கூட காய்ச்சல் இல்ல." 98.4, 98.6, 98.4. பொய் ஒன்றும் இல்லை. எல்லாத் தாளிலும் என் கையெழுத்து.

மகன் என்னைக் கூப்பிட்டார். "இது நீங்க போட்டதா?"

"ஆமாங்க, நான்தான்."

"நீங்க வார்டுக்குப் போங்க சிஸ்டர்" என்றார் மேனேஜர்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "உக்காருங்க சார். தினமும் காய்ச்சல் பாக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி உங்கம்மாவுக்கு நான் என்ன மாத்திரை குடுத்தேன்னு சொல்றேன்."