நான் செய்தது அந்த சர்வே அல்ல

அனுப்புநர்:
ஆ. அன்புமொழி (வயது 36),
க/பெ. ஆத்மநாதன்,
நடுத்தெரு, நொச்சிவயல் கிராமம்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
புதுக்கோட்டை.

பொருள்: செல்போனில் கேள்விகளுக்குப் பதில் சொன்னதை நிலம் அளந்ததாக எழுதிக்கொண்டு, எனது மூன்று சென்ட் மனையை அளக்காமல் நிறுத்தி வைத்திருப்பது – பதிவைத் திருத்தி மனையை அளந்து தரக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. என் கணவர் ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். பத்து வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஊரில் மூன்று சென்ட் மனை வாங்கினோம். இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டைத் தை பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மனையை அளந்து கல் நட்டுக் கொடுத்தால், ஒரு தகரக் கொட்டகையாவது போட்டுக் குடியேறிவிடலாம். எல்லை தெரியாமல் கால் ஊன்றினால் நாளைக்கு வம்பு. எனவே கடந்த ஜூலையிலேயே கட்டணம் கட்டி மனு கொடுத்தேன். ரசீது இணைத்துள்ளேன்.

2. நான் பிளஸ் டூ வரை படித்தவள். கைச்செலவுக்கு ஆகட்டும் என்று போனில் ஒரு சர்வே ஆப் வைத்திருந்தேன். எந்த சோப்பு போடுகிறீர்கள், எந்த டீத்தூள் வாங்குகிறீர்கள் என்று கேட்பார்கள். பதிலைத் தொட்டால் பாயிண்ட் ஏறும். மாதக் கடைசியில் அது ரீசார்ஜுக்குக் காணும், சில மாதம் அதுவும் காணாது. இருபது கேள்வி கேட்டுவிட்டு, கடைசியாக எப்போது விமானத்தில் போனீர்கள் என்பார்கள். போகவில்லை என்றால், இந்த சர்வேக்கு நீங்கள் தகுதி பெறவில்லை என்று வெளியே தள்ளிவிடுவார்கள். நான் செய்த சர்வே இவ்வளவுதான்.

3. எங்கள் ஊரில் சர்வே என்றால் ஒரே அர்த்தம்தான். சங்கிலி பிடிப்பது, கல் நடுவது. ரேஷன் கடை வரிசையில் நின்றபோது எங்கள் தெரு செல்வராணி, எந்நேரமும் போனில் அப்படி என்ன செய்கிறாய் என்று கேட்டார். "சர்வே பண்றேன்க்கா, காசு தர்றாங்க" என்றேன். அடுத்த வாரமே பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். விளக்கிச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். காசு போதவில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டே போனார்கள்.

4. மூன்றாவதாக வந்தவர் குழந்தைசாமி. இதில் என் தப்பும் உண்டு, மறைக்கவில்லை. அவருக்கும் பக்கத்துக் கொல்லைக்காரர் வசந்தகுமாருக்கும் வேலித் தகராறு. பெரிய மனிதர் இவ்வளவு கெஞ்சுகிறாரே என்று கொல்லைக்குப் போய் போனில் வரைபடத்தைத் திறந்தேன். நீலப் புள்ளி நின்ற இடத்தைப் பார்த்து, வேலி உங்கள் பக்கம் கொஞ்சம் உள்ளே வந்த மாதிரி தெரிகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் அவர் வேலியை நான்கு அடி தள்ளிப் போட்டுவிட்டார். கேட்டவர்களிடம், "அன்புமொழியே அளந்து சொல்லிருச்சு" என்றாராம். வேண்டாம் வேண்டாம் என்றும் கேளாமல் அவர் வைத்துவிட்டுப் போன அரைக் கிலோ முந்திரிப் பருப்பு, இப்போது புகாரில் நான் வாங்கிய கட்டணமாகப் பதிவாகியிருக்கிறது.

5. நான் அனுமதியில்லாமல் நிலம் அளப்பதாக வசந்தகுமார் தாலுகா அலுவலகத்தில் புகார் கொடுத்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, நான்கு அடி போனவருக்குத்தான் வலி தெரியும். விசாரிக்க வந்த அலுவலர் மூன்று கேள்வி கேட்டார். சர்வே செய்கிறீர்களா? ஆமாம் என்றேன். காசு வருகிறதா? வருகிறது என்றேன். யார் தருகிறார்கள்? கம்பெனி என்றேன். மேற்கொண்டு விளக்க வாயைத் திறந்தபோது, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார். தனியார் கம்பெனிக்காகப் பணம் பெற்று சர்வே செய்வதை ஒப்புக்கொண்டார் என்று எழுதி நீட்டினார். படித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

6. அன்றிலிருந்து என் மனு விசாரணை நிலுவையில் உள்ளது என்கிறார்கள். தாலுகா அலுவலகத்துக்கு ஐந்து முறை அலைந்துவிட்டேன். வேலியைத் தள்ளிப் போட்டவர் வேலியோடு நிம்மதியாக இருக்கிறார், என் மனைதான் அளக்கப்படாமல் கிடக்கிறது. ஐந்தாவது முறை போனபோது அங்கே இருந்த ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீங்கதான் சர்வே பண்றீங்களே, ஒங்க எடத்த நீங்களே அளந்துக்கங்க." வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரம் பஸ் ஏறியும் அடங்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதுகொண்டே வீடு வந்தேன். அன்றே சேர்ந்திருந்த பாயிண்டோடு அந்த ஆப்பை அழித்துவிட்டேன்.

7. ஆகவே ஐயா அவர்கள் என் வாக்குமூலத்தில் உள்ள சர்வே என்ற சொல்லுக்கு, சோப்பு, டீத்தூள் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொன்னது என்று பொருள் எழுதிச் சேர்க்க உத்தரவிட வேண்டுகிறேன். வேலி விஷயத்தில் வாய்விட்டதற்கு என்ன கண்டிப்பு என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதற்காக என் குடும்பத்தைத் தை மாதம் தெருவில் நிறுத்த வேண்டாம்.

அளக்க வரும் தேதியை மட்டும் தெரிவித்தால் போதும். அன்றைக்கு போனை வீட்டில் வைத்துவிட்டு, மனையின் நடுவில் வெறுங்கையோடு நிற்பேன். சங்கிலியின் இரண்டு முனையையும் உங்கள் ஆட்களே பிடிக்கட்டும்.

இணைப்பு: கட்டண ரசீது நகல், பத்திர நகல், வாக்குமூல நகல்.

நாள்: 17.11.2025
இடம்: நொச்சிவயல்

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
ஆ. அன்புமொழி