பச்சை போன கண்ணாடி

துலக்கல் திலகமாகிய என் வீட்டுக்காரருக்கு,

நலம். நீங்கள் போய் ஒரு வாரமாகிறது. உங்கள் அக்கா வீட்டுப் பாத்திரமெல்லாம் இந்நேரம் பளபளத்துக்கொண்டிருக்கும்.

என் கிரேக்க வெள்ளிக்காசுகள் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றிலுள்ள ஆந்தைகள், அன்றைக்கு நான் கத்தியபோது நீங்கள் முழித்த மாதிரியே முழிக்கின்றன.

முகம் பார்க்கும் அந்த வெண்கலக் கண்ணாடியைப் பழம்பொருள் கடைக்காரரிடம் காட்டினேன். இரண்டாயிரத்து முந்நூறு வருஷமாக ஏறியிருந்த பச்சைக் களிம்பைக் காணாமல் மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்; பழம்பொருளுக்கு அந்தப் பச்சைதானே மதிப்பு.

“யாரும்மா இப்படித் தேச்சது?”

“வீட்டுக்காரர். எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டு.”

“உங்க மேல அவருக்கு என்ன கோவம்?”

“கோவமில்லீங்க. என் பொறந்தநாளுக்காகத் தேச்சாரு.”

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் நிறுத்திப் பார்த்தேன். இத்தனை வருஷமாக அதை எடை பார்த்தேன், அளவு பார்த்தேன், புத்தகங்களில் தேடிப் பார்த்தேன். முகம் மட்டும் பார்த்ததில்லை. செய்தவன் அதற்காகத்தானே செய்திருப்பான். தலை சீவாத ஒருத்தி அதில் உர்ரென்று இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளே சிரித்துவிட்டாள்.

கைப்பிடிக்குப் பக்கத்தில் விரற்கடை அளவு பச்சை மிச்சமிருக்கிறது. நான் கத்தியதும் நீங்கள் கையை எடுத்துவிட்ட இடம். அதையாவது காப்பாற்றச் சொன்னார் கடைக்காரர்.

நான் எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கண்ணாடியில் தெரிந்தவள்