வெள்ளி விலைக்கு

மார்ச் 3

அன்புள்ள சுண்டுவுக்கு,

உன் அப்பா உன்னை அப்படித்தான் கூப்பிடுவார். நான் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், அடிக்க மனசு வரவில்லை. நலமா? போனில் பேசினால் நம் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு "ம்"மும் ஒரு "சரி"யும்தான் மிஞ்சுகிறது. அதனால்தான் கடிதம்.

அப்பாவின் அலமாரியை ஒருவழியாகக் காலி செய்தேன். லாரி எடைமேடையில் அவரோடு வேலை பார்த்தவர்கள் சட்டைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இப்போது தெருவில் அவர் சட்டை மட்டும் தனியாக நடந்து போகிறது. முதுகைப் பார்த்துக் கூப்பிட வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

வெள்ளி நாணயங்கள் இருக்கும் பிஸ்கட் டப்பா என்னிடம் இருக்கிறது. "எனக்கப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து வித்து, பாதிப் பாதியா எடுத்துக்குங்க" என்று ஆஸ்பத்திரியில் நம் இருவரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். காதில் விழுந்திருக்கும். விற்கலாமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

நேற்று நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் நீராவிக்கு நடுவே உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டேன். உன் அப்பா எடைமேடையில் ஏறி நிற்கிறார். முள் அசையவே இல்லை. "மிஷின் ரிப்பேர்மா" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். எழுந்தபோது கையில் பாதி மடித்த போர்வை.

அவரை வழியனுப்பிய அன்று ஒரு வாய் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாய். அது மட்டும் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அன்புடன்,
உன் அப்பா வீட்டிலிருந்து

*

மார்ச் 14

வணக்கம்.

கடிதம் கிடைத்தது. நான் நலம்.

நாணயங்களை அவசரப்பட்டு விற்க வேண்டாம். சின்ன வயதிலிருந்து அப்பா என்னிடம் சொல்லி வந்தது ஒன்றுதான்: "சுண்டு, இதெல்லாம் பழங்காலத்துக் காசு. ஒருநாள் உன்னைத் தூக்கி நிறுத்தும்." செயற்கைப் பல் செய்யும் எங்கள் கூடத்தில் என்னோடு வேலை செய்பவள், இணையத்தில் பழைய காசு ஒன்றுக்கு ஒரு வீட்டு விலை கேட்பதைக் காட்டினாள். எடைக்குப் போட்டுவிட்டால் அப்புறம் திரும்பி வராது. நாணயம் சேகரிப்பவர்களிடம் விற்கும் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. அடுத்தவர் கூடத்தில் அடுத்தவர் பெயருக்குப் பல் செய்து செய்து அலுத்துவிட்டது. நானும் அவளும் சொந்தமாக ஆரம்பிக்கப் பார்க்கிறோம். உலோகம் உருக்கும் உலை ஒன்று வேண்டும். இந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கிறேன்.

ஏற்கெனவே அதிலிருந்து எதையாவது விற்றிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். நான் கோபப்பட மாட்டேன்.

இப்படிக்கு,
மகள்

*

மார்ச் 29

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரியை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். நீயும் எழுதவில்லை என்று வைத்துக்கொள்.

நீ சொன்னபடி நாணயக் கடைக்குப் போனேன். படி ஏறிப் போகிற சின்ன அறை. உள்ளே வெளிச்சம் தேன் மாதிரி மங்கலாக இருந்தது. கடைக்காரர் பச்சைத் துணியை விரித்து டப்பாவைக் கவிழ்த்தார். காசுகளில் இருந்த அத்தனை ராஜாக்களும் ஒரே பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். யாரோ எங்கேயோ கூப்பிட, எல்லோரும் காது கொடுத்துக் கேட்பதுபோல் இருந்தது.

லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரப்படவில்லை. எனக்குத் தூக்கமே வந்துவிட்டது. அப்புறம் சொன்னார்: "அம்மா, பழசுங்கிறதுக்காக வெல இல்ல. கெடைக்காததுக்குத்தான் வெல. இதெல்லாம் மூட்டை மூட்டையா அடிச்ச காசு. வீட்டுக்கு வீடு இருக்கு. எழுத்து வேற தேஞ்சு போச்சு. சேகரிக்கிறவங்க கையில எடுத்துப் பாத்துட்டு வச்சிடுவாங்க."

"இணையத்துல பெரிய வெல கேக்கறாங்களாமே?"

"கேக்கறதுக்கு என்னம்மா, நான்கூடக் கேப்பேன். வாங்கறவன் வரணுமே! வெள்ளி எடைக்குப் போட்டீங்கன்னா நியாயமான காசு வரும். சிலதுல வெள்ளி பாதிதான், மீதி கலப்பு. உருக்கினாத்தான் சரியாத் தெரியும். கடைத்தெருவுல உருக்கறவர் இருக்கார், நல்ல மனுஷன்."

உருக்குகிறவர் கடை வாசல் வரை போனேன். உள்ளே தீ ஊதுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன். அடுத்த வாரம் விற்கிறேன்.

இரண்டு நாளாக நல்ல மூடுபனி. எதிர்வீட்டுச் சுவரே தெரியவில்லை. உனக்கு அங்கே இருமல் தேவலையா? போனில் அன்று இருமினாய்.

அன்புடன்,
சித்தி

*

ஏப்ரல் 11

சித்திக்கு,

நீங்கள் போனில் அனுப்பிய காசுப் படங்களை நானும் இங்கே ஒரு கடையில் காட்டினேன். இவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதைக் குறைவாக.

உங்கள் மேல் சந்தேகப்பட்டதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கோபமெல்லாம் இப்போது அப்பா மேல்தான். எனக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு காசை எடுத்து நெற்றியில் வைப்பார். சில்லென்று இருக்கும். அது சூடேறியதும் இன்னொன்று. "ராஜா உன் காய்ச்சலை வாங்கிட்டுப் போறாரு, சுண்டு" என்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு, ராஜாக்கள் வரிசையாக இருட்டில் நடந்து போவதைப் பார்ப்பேன். அம்மா இல்லாத வீட்டில் எனக்கு இருந்த பெரிய சொத்து அந்த டப்பாதான். ஊரில் எல்லோரிடமும் இருக்கிற காசு என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் ஏமாற்றினாரா?

எடைக்கே போட்டுவிடுங்கள். உலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று கேட்கவா? போன மாதமே விற்கிறேன் என்று எழுதினீர்கள். இன்னும் விற்கவில்லை. ஏன்?

இருமல் போய்விட்டது.

சுண்டு

*

ஏப்ரல் 26

அன்புள்ள சுண்டு,

விற்றுவிட்டேன். பாதியை உன் கணக்கில் போட்டிருக்கிறேன். உருக்கியவர் கொடுத்த சீட்டையும் இதோடு வைத்திருக்கிறேன்.

ஏன் தள்ளிப்போட்டேன் என்று கேட்டாயே. விற்றுவிட்டால் அப்புறம் உனக்கு எழுத என்ன விஷயம் இருக்கும் என்று தோன்றியது. வேறொன்றும் இல்லை. பைத்தியக்காரத்தனம்தான்.

அப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் நாணயக் கடைக்கு மறுபடி போனேன். உன் அப்பா சம்பளம் வாங்கியதும் நேராக அங்கேதான் போவாராம். இது எனக்கே புதுச் சேதி. கடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எடைமேடைக்காரரா! நானே சொல்லியிருக்கேம்மா, இது ஏறாது, எங்கிட்ட வாங்கற வெலைக்கு நீங்க திரும்ப விக்கவே முடியாதுன்னு. 'ஏற வேணாம் சார். என் பொண்ணுக்கு ஒரு கதை சொல்லி வச்சிருக்கேன், டப்பா நெறையணும்'னாரு."

அப்படியானால் ஏமாற்றினாரா இல்லையா? நீயே சொல். எனக்குப் பிடிபடவில்லை.

உருக்கும் இடத்தில் நான் பக்கத்திலேயே நின்றேன். மண் கிண்ணத்தில் எல்லாவற்றையும் போட்டுத் தீயை ஊதினார். முதலில் ராஜாவின் மூக்கு போயிற்று. பிறகு தாடி. எழுத்துகள் தண்ணீரில் போட்ட உப்பு மாதிரி கரைந்தன. ஒரு நிமிஷம் கிண்ணத்துக்குள் நிலா மிதப்பதுபோல் இருந்தது. நான் மூச்சு விட மறந்துவிட்டேன்போல. "உக்காருங்கம்மா" என்று ஸ்டூல் போட்டார்.

உருக்குவதற்கு முன்னால், "ஞாபகத்துக்கு ஒண்ணு எடுத்து வச்சுக்கறீங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒற்றைக் காசு டப்பாவுக்குள் கிடந்து உருளும். அந்தச் சத்தத்தை யார் கேட்பது?

நம் கணக்கு முடிந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
சித்தி

*

மே 19

அன்புள்ள சித்திக்கு,

பணம் வந்துவிட்டது. புது உலைக்குப் போதவில்லை, பழைய உலை ஒன்று கிடைத்தது. கதவு மூடாது. முழங்காலால் ஒரு இடி இடித்தால்தான் வழிக்கு வரும். நான் இடிக்கிற இடத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறாள் என் கூட்டாளி. முதல் பல் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு. மாட்டிக்கொண்டு பேசியதும் "ஸ்ஸ்" என்று விசில் வந்தது. "பசங்க சிரிப்பாங்களேம்மா!" என்று அழாத குறை. திரும்ப வாங்கி அரத்தால் ராவிக் கொடுத்தோம். இப்போது விசில் இல்லை. ஆனால் பழகிவிட்டதாம், அது இல்லாமல் என்னவோபோல் இருக்கிறதாம்.

அப்பா விஷயத்தில் எனக்கும் பிடிபடவில்லை. சில நாள் கோபம் வருகிறது. சில நாள் சிரிப்பு வருகிறது. நேற்று இரண்டும் சேர்ந்து வந்தது.

ஒரு கனவு கண்டேன். உங்கள் சலவைக்கூடம் என்று நினைக்கிறேன். நான் அங்கே வந்ததே இல்லை. எங்கும் ஆவி. பெரிய போர்வை ஒன்றின் ஒரு முனை என் கையில், மறு முனை உங்கள் கையில். மடிப்பதற்காக ஒருவரை நோக்கி ஒருவர் நடக்கிறோம். நடக்க நடக்கத் துணி வந்துகொண்டே இருக்கிறது. உங்கள் முகம் தெரியவில்லை, வளையல் சத்தம் மட்டும் கிட்டே வருகிறது. முனைகள் சேர்வதற்குள் விழிப்பு வந்துவிட்டது.

உங்களுக்கு லீவு எப்போது கிடைக்கும்? இங்கே ஒரு கட்டில்தான். நான் கீழே படுத்துக்கொள்வேன். ஆட்சேபம் சொல்லாதீர்கள்.

இந்தக் கடிதத்தில் விஷயம் என்று எதுவுமில்லை, சித்தி. சும்மாதான் எழுதினேன். நீங்களும் சும்மாவே எழுதுங்கள்.

சுண்டு