வீட்டில் வாதம்

ஆறுதல்புரம்,
திருநெல்வேலி ஜில்லா.
1911, லெந்து நாட்கள்.

பாசமுள்ள மகள் ஜெபராணிக்கு உன் அப்பா வேதமுத்து எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இவ்விடம் எல்லாரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. அப்படி எழுதினால் பாதி பொய், சுகமில்லை என்று எழுதினாலும் பாதி பொய். ஆகவே இவ்விடம் ஒருவர் தவிர எல்லாரும் சுகம், அந்த ஒருவரும் கழுத்துக்கு மேலே நல்ல சுகம் என்று எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை பாக்கியசீலனும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் கடல் கடந்த அந்தத் தேயிலை மலைக் குளிரில் சுகமாயிருக்க இரு வேளையும் ஜெபிக்கிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருவதுதான் வழக்கம் என்றாலும், சம்பந்தியம்மாள் கை கால் விழுந்து படுத்த படுக்கையாய் இருக்கும்போது உன்னை எப்படிக் கப்பல் ஏற்றுவது, பிறக்கிற பிள்ளையை அங்கே யார் கையில் வாங்குவது என்று உன் மாமியார் கேட்டதாக எழுதியிருந்தாய். அவர்கள் கேட்டது நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வரியை நான் யோசனை இல்லாமல் உன் அம்மாளுக்கு உரக்க வாசித்துவிட்டேன். வியாதி வந்ததற்கு ஒரு சொட்டு அழாதவள் அதற்கு அழுதாள் மகளே. கண்ணைத் துடைத்துக்கொள்ள அவளுக்குக் கை இல்லை, நான்தான் துடைத்தேன். அன்று முதல் இந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரே காரியம், நீ வருவதற்குள் உன் அம்மாளுக்குக் கை வரவேண்டும். அந்தக் காரியம் எப்படி நடக்கிறது என்று எழுதினால் உன் அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பாய், இருந்தாலும் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், வைத்துக்கொண்டு நிதானமாக வாசி.

பொங்கல் கழிந்த சமயத்தில் அம்மாளுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து தெளிந்தது உனக்குத் தெரியும். பிறகு ஒருநாள் காலையில் உள்ளங்காலில் எறும்பு ஊருகிறது என்றாள். நான் எறும்பைத் தேடினேன். மறுநாள் முழங்காலில் ஊருகிறது என்றாள், அதற்கு மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை, ஞாயிறு ஆராதனை மணி அடிக்கும்போது கையும் விழுந்துவிட்டது, குரலும் நூல் மாதிரி மெலிந்துவிட்டது. பாளையங்கோட்டையிலிருந்து டாக்டர் அம்மாள் வண்டி கட்டி வந்து பார்த்தார்கள். இது நரம்பைப் பிடிக்கிற வியாதி, காலில் தொடங்கி மேலே ஏறும், மூச்சைத் தொடாமல் நின்றுவிட்டால் பைய இறங்கிவிடும், மருந்தென்று ஒன்றும் இல்லை, புரட்டிப் படுக்கவைத்துப் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், விரல் விரலாக மடக்கி நிமிர்த்தி இதமாகத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கை இறுகிப்போகும் என்று சொல்லிக் காட்டியும் கொடுத்தார்கள். மூச்சைத் தொடாமல் நின்றது. அந்த நாட்களில் நான் அவள் மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவள் என்னை, தும்மல் வருகிறது விரலை எடுங்கள் என்று வைதாள்.

அந்தக் கலக்கத்தில்தான் உன் மாமா ஞானசிகாமணிக்கு ஒரு கார்டு போட்டேன். தங்கைக்கு இப்படி என்றால் கூடப் பிறந்தவர் வரவேண்டாமா. ஸ்ரீவைகுண்டத்தில் உபதேசியாராயிருக்கிற மனுஷனுக்கு வளவளவென்று எழுதுவானேன் என்று, வீட்டில் வாதம், தாமதியாமல் வரவும் என்று எழுதினேன். நான் எழுதியதில் என்ன பிழை என்று நீயே சொல். பெண்சாதியை வீட்டில் என்று சொல்லாமல் பேர் சொல்லியா எழுதுவார்கள், கை கால் விழுந்தால் வாதம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள். ஆனால் உன் மாமாவுக்கு மூன்று வேளையும் தர்க்கம்தான் சாப்பாடு. அவருக்கும் பக்கத்து ஊரில் கருப்பட்டி வியாபாரம் செய்கிற இன்பமணி அண்ணாச்சிக்கும், ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாசத்தில் பதநீர் குடிக்கலாமா கூடாதா என்று போன வருஷம் சபைக் கூட்டத்தில் வழக்கு முற்றி, ஒருநாள் வேதமுத்து வீட்டில் வைத்து வாதம் பண்ணித் தீர்த்துக்கொள்வோம் என்று கலைந்திருந்தார்கள். ஆகவே என் கார்டைக் கண்டதும் மாமா, ஆகா, நாள் குறித்துவிட்டார் மாப்பிள்ளை என்று சந்தோஷப்பட்டு, நியாயமாய் எதிர்க்கட்சிக்கும் ஆள் அனுப்பிவிட்டு, புஸ்தக மூட்டையும் ஆதரவாளர்களுமாய்ப் புறப்பட்டுவிட்டார்.

நான் கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலுக்கு வருகிறேன், கிழக்கேயிருந்து ஒரு வண்டி, மேற்கேயிருந்து ஒரு வண்டி. மாமா இறங்கும்போதே தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வாதம் எங்கன வச்சு மாப்பிள்ளை என்று கேட்டார். உடம்பு முழுக்கத்தான் என்று நான் அழுதேன். அவருக்கு விளங்கவில்லை, யார் ஆரம்பிச்சது என்றார். காலில் ஆரம்பித்தது என்றேன். பிறகு உள்ளே வந்து கட்டிலில் தங்கையைப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பி அழுதுவிட்டார் பாவம், தங்கை மேல் உயிர். அண்ணாச்சியும் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு, வந்த வழியே போய்விடுவோம் என்று சாடை காட்டினார். அப்போது உன் அம்மாள் மெல்லிய குரலில், வந்ததுதான் வந்தீங்க, பேசிட்டே போங்க, எனக்கும் முகட்டையே பார்த்துப் பார்த்துச் சலிச்சுப்போச்சு என்றாள்.

கேட்க வேண்டுமா. அண்ணாச்சி எழுந்து, பதநீருன்னு பேர்லயே நீர் இருக்கு, தண்ணி குடிச்சா உபவாசம் கெடுமா, பொறவு என்ன வே கேள்வி என்றார். மாமா உடனே, எங்க பக்கத்துல அதைப் பயினின்னுல்லா சொல்லுதோம், அதுல நீர் எங்கன இருக்கு என்றார். அண்ணாச்சி, ஊரான் ஊரான் பேச்சுக்கெல்லாம் வேதசாஸ்திரம் வளையாது வே என்றார். மாமா, உம்மையுந்தான் நான் நீருன்னு கூப்பிடுதேன், அதுக்காக உம்மை ஓலைப் பட்டையில ஊத்திக் குடிக்க முடியுமா வே, அதைக் காய்ச்சுனா கருப்பட்டி, கருப்பட்டி ஆகாரம், ஆகாரத்துக்கு அப்பனும் ஆகாரம்தான் என்றார். பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் இலக்கணம் சொல்லிக்கொடுத்த எனக்கே தலை சுற்றியது. ஆனால் உன் அம்மாள் சிரித்தாள். முகமும் சற்று மரத்திருந்ததால் சிரிப்பு ஒரு பக்கமாய்த்தான் வந்தது, அந்த ஒரு பக்கம் எனக்குப் போதுமாயிருந்தது.

பொழுது சாய்ந்தும் தீரவில்லை. யார் தீர்ப்புச் சொல்வது என்பதில் இன்னொரு தகராறு. சபைக் குருவான ஐயரைக் கேட்கலாம் என்றால் அவர் லெந்திலும் காப்பி குடிக்கிறவர், இரண்டு கட்சிக்கும் நம்பிக்கையில்லை. கடைசியில் அண்ணாச்சியே உன் அம்மாளைக் காட்டி, கெசியா அக்கா சொல்லட்டும், சின்னதில் ஓய்வுநாள் பள்ளியில் என் காதைத் திருகினவங்க, பட்சபாதம் பார்க்கமாட்டாங்க என்றார். அவளோ, வாயால சொன்னா அண்ணனுக்காகச் சொல்லுதேன்னு பேச்சு வரும், என் கை சொல்லட்டும், வலக்கை முதல்ல எழும்புனா அது தண்ணீர், இடக்கை எழும்புனா ஆகாரம், அதுவரைக்கும் ரெண்டு கட்சியும் அவங்கவங்க கையைத் தேய்ச்சுப் பார்த்துக்கிடணும் என்றாள். நான் காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஆனால் இரு கட்சியாரும் இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா என்று ஒப்புக்கொண்டார்கள். அதிலும் வலக்கை எனக்குத்தான் வேண்டும் என்று மாமா அடம்பிடித்தார், நியாயத்தீர்ப்பு நாளில் தள்ளுண்ட வெள்ளாடுகள்தானே இடப்பக்கம் நிற்கும், உபதேசியார் எப்படி அங்கே நிற்பது என்றார். சீட்டுப் போட்டோம். வெள்ளாட்டுப் பக்கம்தான் அவருக்கு விழுந்தது.

அன்று தொடங்கியது மகளே, இந்த வீடு வீடாயில்லை. வலக்கைக்கு அண்ணாச்சி சம்சாரம் பாக்கியவதி காலையிலும் மாலையிலும் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிடுகிறாள். இடக்கைக்கு மாமாவும் அத்தை சாரம்மாளும் இங்கேயே தங்கி, ஞாயிறு மட்டும் ஊருக்குப் போய்ப் பிரசங்கம் செய்துவிட்டுத் திரும்புகிறார்கள், அவர்களுக்கு ஆமணக்கெண்ணெய்தான். டாக்டர் அம்மாள் மறுமுறை வந்து பார்த்து, ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு பக்குவமாய் விரலை மடக்கி நிமிர்த்த ஆள் கிடையாது என்று ஆச்சரியப்பட்டார்கள், காரணத்தைச் சொன்னபிறகு சிரிப்பை அடக்க வாசலுக்குப் போய்விட்டார்கள். ஒரு கட்சி தேய்க்கும்போது மறு கட்சி காவல் இருக்கிறது. ஒருநாள் இடது சுண்டுவிரல் அசைந்தது என்று மாமா கூப்பாடு போட, அது கொசு கடித்து அசைந்தது, கொசுவுக்குத் தீர்ப்புச் சொல்ல அதிகாரமில்லை என்று பாக்கியவதி தள்ளிவிட்டாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து இசக்கியம்மாதான் இரு கட்சியிலும் சேராமல், வயல் வேலைக்குப் போகுமுன் வந்து அம்மாளைக் குளிப்பாட்டித் துணி மாற்றிவிட்டுப் போகிறாள். கைக்கு ரெண்டு கட்சி இருக்கு, காலுதான் நாதியத்துக் கெடக்கு என்று அங்கலாய்ப்பாள். தலை பின்னுவது மட்டும் என் வேலை. நான் பின்னிய சடையைப் பார்த்து இசக்கியம்மா, அய்யா மூக்கணாங்கயிறு நல்லாத் திரிக்குதாக என்றாள்.

இதற்குள் லெந்து பிறந்துவிட்டது, தீர்ப்பு பிறக்கவில்லை. பதநீர் இறங்குகிற காலம் பார், ஊரில் எல்லாரும் தீர்ப்பு வருமுன் குடிக்கப் பயந்து, நாக்கு வறண்டுபோய்த் தவிக்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து அம்மாளுக்கு எப்படியிருக்கிறது என்று உருக்கமாய் விசாரிக்கிறவர்கள், எந்தக் கை முந்தும் போலிருக்கிறது என்று காதோடு கேட்டுவிட்டுப் போகிறார்கள். கரண்டியால் எடுத்தால்தான் ஆகாரம், பட்டையில் குடித்தால் தண்ணீர்தான் என்று ஒரு புதுக் கட்சியும் கிளம்பியிருக்கிறது. பனையேறிகள் வந்து, அம்மா சீக்கிரம் கையை ஆட்டுனாத்தான் எங்க பாடு நடக்கும் என்று முறையிட்டார்கள். உன் அம்மாள், ஆண்டவர் சித்தம் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

இனி எழுதப்போவதை நீ மட்டும் வாசி. போன வியாழக்கிழமை மத்தியானம் எல்லாரும் கூடத்தில் அம்மாளின் கட்டிலைச் சுற்றிப் பந்தியில் உட்கார்ந்திருந்தோம், உன் மாமா சாப்பாட்டு ஜெபம் பண்ணினார். அவர் ஜெபம் உனக்குத் தெரியும், ஆதியிலிருந்து தொடங்கி நம் வீட்டுச் சோற்றுக்கு வந்துசேரக் குழம்பு ஆறிப்போகும். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள், காவல் இருந்த பாக்கியவதியும்தான். எனக்குப் பசி, ஜெபம் எங்கே வந்திருக்கிறது என்று ஒரு கண்ணைத் திறந்தேன். உன் அம்மாளின் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. அவள் வலக்கை பைய எழும்பியது, நடுங்கி நடுங்கி முகம்வரை வந்தது, ஈயை விரட்டியது, போய்ப் பழையபடி தலையணை மேல் படுத்துக்கொண்டது. நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். வாயைத் திறக்காதீர்கள் என்று கண்ணாலேயே அதட்டினாள். மாமா ஆமென் என்றபோது நான் ஓவென்று அழுதுவிட்டேன். ஜெபம் இப்படி ஒரு மனுஷனை உருக்கியதே என்று மாமாவுக்கு அத்தனை பெருமை, அன்று மாலை இன்னும் நீளமாய் ஜெபித்தார்.

அவர்கள் கை கழுவப் போன சமயம் பார்த்து அவளிடம் குனிந்து கேட்டேன். கை எழும்பி ஒரு வாரமாகிறதாம். அட பாவி, ஏன் சொல்லவில்லை என்றேன். அவள் சொன்னாள், சொன்னா அண்ணாச்சி கட்சி ஜெயிச்சுரும், அண்ணன் முகத்தைத் தூக்கிக்கிட்டு மதினியோட வண்டியேறிப் போயிருவாக, பொறவு இடக்கையை யார் தேய்ப்பா, ஜெபராணி பிள்ளையை ஒத்தக் கையில எப்படிங்க வாங்குவேன் என்றாள். நாள் முழுக்க இரண்டு கட்சி வாயாடியதில் ஒருவருக்கும் தோன்றாதது, அசையாமல் கிடந்தவளுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு இவளைக் கட்டிக்கொடுத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

ஆகையால் மகளே, நீ தைரியமாய் வா. வைகாசியிலேயே மாப்பிள்ளை உன்னைக் கொழும்பில் கப்பல் ஏற்றட்டும், தூத்துக்குடித் துறையில் நான் வந்து நிற்பேன். வெறும் வயிற்றோடு கப்பல் ஏறாதே, எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள், மலையில் வழுக்குகிற இடத்தில் நடக்காதே. மாமியாரிடம் பணிவாய்ப் பேசு, பிள்ளையை வாங்கக் கை தயாராகிறது என்று மட்டும் சொல், எந்தக் கை என்று சொல்லாதே. மாப்பிள்ளையிடமும் சொல்லாதே, அண்ணாச்சி அவருக்குச் சித்தப்பா முறை ஆகவேண்டும். இன்னொன்று மறவாதே. இடக்கையும் எழும்பியபின் காலுக்கு ஒரு வழக்கு வேண்டும் என்கிறாள் உன் அம்மாள். லேசில் தீராததாய், இரண்டு பக்கமும் நியாயம் உள்ளதாய் இருக்கவேண்டுமாம். உன் தேயிலைத் தோட்டத்தில் அப்படி ஏதாவது கிடைத்தால் விசாரித்துக்கொண்டு வா.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, சுகப்பிரசவத்தைத் தந்து, உன் மடியையும் எங்கள் வீட்டையும் நிரப்புவாராக. கீழே என் கையெழுத்துக்குப் பக்கத்தில் கோழி கிளறினது மாதிரி இருப்பதை மை சிந்தியது என்று நினைத்துவிடாதே. கதவைச் சாத்திவிட்டுப் பேனாவை விரலில் சொருகிக் கொடுத்தேன், நான் பிடிக்கவில்லை, அவளே எழுதினாள். ஒருவருக்கும் காட்டாதே, தீர்ப்பு இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா
ஞா. வேதமுத்து

கெ சி யா