வெண்ணெய் மஞ்சள் வலைச் சட்டை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குவதாக எழுதியிருக்கிறாய், அதை நான் நம்பவில்லை, ஆனாலும் அது உண்மையாகவே இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன். ஃபோனில் பேசினால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருப்பார், அதனால்தான் கடிதம். விருந்துக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று உன்னைக் கேட்டிருந்தேன். நான் சொன்னால் அவருக்கு ஏறாது, நீ சொன்னால் வேதவாக்கு. நீ என்ன செய்தாய், "விடும்மா, இந்த சம்மருக்கு அதான் ட்ரெண்டு" என்று பதில் போட்டுவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாய். ஆகவே என்ன நடந்தது என்பதை முழுக்கப் படிக்கிற தண்டனை உனக்கு.

முதலில் நீ அவருக்கு அனுப்பிய அந்தக் கட்டுரை. தங்கள் உடையைத் தாங்களே குரோஷா ஊசியால் பின்னிக்கொள்கிறவர்களுக்கு இந்தக் கோடையில் எது எடுபடும் என்று யாரோ எழுதியது. நானும் படித்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகத்தான் படித்தேன். போன கோடையில் சதுரம் சதுரமாகப் பின்னி இணைத்துப் போட்டுக்கொண்டவர்கள் இந்தக் கோடையில் வெளியே தலைகாட்டக் கூடாதாம், இப்போது மீன்வலை மாதிரி ஓட்டை ஓட்டையாகத்தான் இருக்க வேண்டுமாம். குஞ்சம் போய்விட்டது, திறந்த முதுகு வந்துவிட்டது. நிறம் வெறும் மஞ்சள் இல்லை, வெண்ணெய் மஞ்சள். எனக்குப் புரியாதது ஒன்றுதான். கடையில் வாங்குகிறவள் கடையில் தொங்குவதைப் போட்டுக்கொள்கிறாள், அவளுக்கு வேறு வழியில்லை. தன் கையால் பின்னுகிறவளுக்கு யார் தயவு வேண்டும்? நிறமும் நீளமும் அவள் இஷ்டம். அந்தச் சுதந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரே பின்னுவதைத் தானும் பின்ன யாராவது உத்தரவு போடுவார்களா என்று வாசலில் காத்து நிற்கிறார்கள். அதிலும் ஒரு சட்டையைப் பின்னி முடிப்பதற்குள் கோடை பாதி போய்விடுகிறது, போட்டுக்கொண்டு நாலு இடம் போவதற்குள் அடுத்த உத்தரவு வந்துவிடுகிறது. நான் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலும் வலைகள் இருக்கின்றன, வடிகட்டுவதற்கு. அதில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு அளவு உண்டு, எதை உள்ளே விடவேண்டும் எதை நிறுத்தவேண்டும் என்று ஒரு காரணம் உண்டு. இந்தச் சட்டை வெயிலையும் நிறுத்தாது, கொசுவையும் நிறுத்தாது, அடுத்தவர் பார்வையையும் நிறுத்தாது. கூச்சமாக இருந்தால் உள்ளே இன்னொரு சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று கடைசியில் ஒரு யோசனை வேறு. அந்த உள்சட்டையோடு மட்டும் போனால் இத்தனை நாள் உழைப்பு மிச்சம் என்பது எழுதியவருக்குத் தோன்றவில்லை.

இதை உன் அப்பா வரி விடாமல் படித்தார். கம்பெனியில் வாழ்நாளெல்லாம் இயந்திரங்களுக்கு வரைபடம் போட்டவர், எழுதிக்கொடுத்ததிலிருந்து ஒரு நூலும் விலக மாட்டார். நீ லீவில் வந்தபோது விளையாட்டாகக் கற்றுக்கொடுத்து ஊசியை அவர் கையில் விட்டுவிட்டுப் போனாய். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதற்கு இது தேவலை என்று நானும் பேசாமல் இருந்தேன், கோப்பைக்கு அடியில் வைக்கும் வட்டங்களோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். உனக்கு ஒன்று தெரியாது, நீ இருந்தவரை அவர் உன் முன்னால் சமாளித்துக்கொண்டார், அப்புறம் நானும் சொல்லவில்லை. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ததிலிருந்து அவர் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டுதான் இருந்தார். புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டும், ஃபேனுக்கு அடியில் முழுக்கைச் சட்டையோடு படுத்திருப்பார். குளியலறைக் கண்ணாடியின் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடிவிட்டார். நான் எடுத்தால் மறுபடி போடுவார், அதைப்பற்றிப் பேச்சு கிடையாது. கடைசியில் நானும் கைப்பையில் இருக்கும் சின்னக் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டு வேலைக்குப் போகப் பழகிவிட்டேன். ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் வரமாட்டார். யார் கூப்பிட்டாலும் "நீ போய்ட்டு வா, எனக்கு ஒரு மாதிரி இருக்கு", அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் கோடை பிறந்த கையோடு ஒரு காலையில் வெண்ணெய் மஞ்சளில் தானே பின்னிய வலையை மாட்டிக்கொண்டு, உள்ளே ஒன்றும் இல்லாமல், பால் வாங்கக் கிளம்பிவிட்டார். கழுத்துக்குக் கீழே தொடங்கி வயிறு வரை ஓடும் தழும்பு ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் தெரிகிறது. தெருவே நின்று பார்த்தது. இஸ்திரிக்காரர் அவரை நிறுத்தி, "சார், இதுல ஓட்டைய தேய்க்கணுமா நூல தேய்க்கணுமா, மொதல்லயே சொல்லிருங்க" என்றாராம், அதை அப்பாவே வந்து சிரித்துக்கொண்டு சொன்னார். கீழ்வீட்டுப் பெண் மாடிப்படியில் என்னை மடக்கி, "ஏன்க்கா, சார் சட்டைய எலி கடிச்சிருச்சா" என்று அக்கறையாக விசாரித்தாள். இந்த வருஷம் இதுதான் எல்லாரும் போடுவது என்று உன் கட்டுரையின் வாசகத்தையே நான் அவளிடம் ஒப்பித்தேன். படித்த பெண் என்று தெருவில் எனக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் அன்றோடு சரி.

இந்த நிலையில்தான் விருந்து வந்தது. பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பு எனக்கு வந்ததற்காக எங்கள் இயக்குநர் தன் வீட்டுத் தோட்டத்தில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். வழக்கம்போல மறுத்துவிடுவார் என்று நினைத்துத்தான் அப்பாவிடம் சொன்னேன். "இதப் போட்டுக்கிட்டுன்னா வரேன்" என்றார். எனக்கு ஒரு பக்கம் இயக்குநர் வீட்டில் இந்தக் கோலமா என்று இருந்தது, இன்னொரு பக்கம், ஆபரேஷனுக்கு அப்புறம் இவர் வருகிறேன் என்று சொன்ன முதல் இடம் இதுதான் என்பதும் தெரியும். அதனால்தான் அந்த வேலையை உன்னிடம் தள்ளப் பார்த்தேன். உன்னிடமிருந்து ட்ரெண்டு என்று பதில் வந்த அன்று அப்பா ஒரு வேலை செய்தார். விருந்துக்குப் போகிற சட்டையாயிற்றே என்று நன்றாக அலசி, பிழியாமல், ஹேங்கரில் மாட்டிப் பால்கனியில் தொங்கவிட்டார். மறுநாள், விருந்தன்று காலையில், எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். நனைந்த பருத்திக்கு என்ன கனம் என்று உனக்குத் தெரியும், அத்தனை கனமும் கண்ணிகளைக் கீழே இழுத்து, சட்டை முழங்கால் வரை வளர்ந்திருந்தது, கை இரண்டும் விரலைத் தாண்டித் தொங்கின. உன் கட்டுரையில் வெண்ணெய்க்கும் மஞ்சளுக்கும் ஒரு முழுப் பத்தி இருக்கிறது, பருத்திப் பின்னலைத் தொங்கவிடக் கூடாது, படுக்கப்போட்டுத்தான் உலர்த்த வேண்டும் என்ற ஒரு வரிக்கு இடமில்லை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். நான் கேட்டது தானாகவே நடந்துவிட்டது, இனி யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். அவர் உள்ளே போய் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தப் பழைய முழுக்கைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டே மேலே வந்தார், கழுத்துப் பொத்தான் வரைக்கும். பிறகு என்னைப் பார்க்காமல், "நீ போய்ட்டு வா, எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்னும் தெரியவில்லை, உன் மேல் என்றே வைத்துக்கொள். அதைக் கழற்றுங்கள், மஞ்சளைப் போடுங்கள் என்றேன். எதற்கு என்றார். போடுங்கள் என்றேன். அவரை நிற்கவைத்து, நான் தரையில் உட்கார்ந்து, மிச்சமாகத் தொங்கியதை உள்ளே மடித்துக் கெட்டி நூலால் தைக்க ஆரம்பித்தேன். எனக்குத் தையல் வராது என்பது உனக்குத் தெரியும், உன் பள்ளிக்கூடச் சீருடையில் பட்டன் தைத்த லட்சணத்தை நீ இன்னும் சொல்லிக் காட்டுகிறாய். ஓட்டையில் தைத்தால் நூல் நிற்காது, நூலைத் தேடித் தைத்தால் கோணிக்கொண்டு போகும். கையையும் அப்படியே மடித்து, நெஞ்சுப் பக்கம் ஊசியைக் கொண்டுபோனபோது அவர், "பாத்து குத்தும்மா, ஏற்கெனவே ஒரு தடவ பிரிச்சுத் தைச்ச சரக்கு" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்கு அப்புறம் அந்த விஷயத்தைப்பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. நான் ஊசியில் மறுபடி நூல் கோக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் நேரம் ஆயிற்று கோக்க.

போனோம். தோட்டத்தில் நாற்காலி போட்டு எங்கள் கூடத்து ஆட்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் எப்படிப்பட்டவர் என்று முன்பே எழுதியிருக்கிறேன், தான் சொன்ன ஜோக்குக்குத் தானே முதலில் சிரிக்கிற ரகம். தழும்பைப் பார்த்தார், பார்க்காத மாதிரி சட்டையைப் பார்த்தார், "என்ன சார், நேரா மீன் பிடிச்சிட்டு வரீங்களா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். சிரித்தார்கள், என் கீழே வேலை செய்யப் போகிறவர்களும் சிரித்தார்கள். இதோ, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அப்பா நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஆமா சார், காலைலேர்ந்து ஒண்ணும் சிக்கல, இப்பத்தான் பெருசா ஒண்ணு தானா வந்து வாயக் கொடுத்திருக்கு" என்றார். இயக்குநர் இந்த முறை கடைசியாகச் சிரித்தார். இதற்கு அப்புறம் நடந்ததுதான் உனக்கு முக்கியம். இயக்குநரின் மனைவி, கடையில் வாங்கிய குரோஷா சால்வை ஒன்றை அந்த வெயிலில் போர்த்திக்கொண்டிருந்தவள், எழுந்துவந்து அப்பாவின் சட்டை ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள், முடிந்தது கதை என்று இருந்தேன். "இதான் இப்ப புதுசு, ஓரத்த இப்படி டபுளா, வேணும்னே கொஞ்சம் கோணலா விடறாங்க, நான் பாத்துட்டேதான் இருக்கேன்" என்றாள். அப்பா என்னைக் காட்டி, "டிசைன் இவங்களுது" என்றார். இத்தனை பேர் முன்னால், நீர் ஆய்வில் பட்டம் வாங்கி, பொறுப்பு ஏற்கப்போகிற நான், தண்ணீர்க் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

இந்த வாரம் அந்த அம்மாள் அப்பாவுக்கு ஃபோன் செய்தாள். தன் சால்வையின் ஓரத்தை மடித்துத் தைத்துப் பார்த்தாளாம், எவ்வளவு முயன்றும் நேராகவே வருகிறதாம், அந்தக் கோணல் எப்படி வருகிறது என்று கேட்கிறாள். உன் கட்டுரையை எழுதியவர்களுக்கும் செய்தி இப்படித்தான் போய்ச் சேர்கிறது போலிருக்கிறது, அடுத்த கோடையில் என் தையலை நீ எனக்கே அனுப்பிவைப்பாய். அப்பா இப்போது உனக்கும் ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறார், அதே மஞ்சள், அதே ஓட்டை. அளவு நான்தான் சொன்னேன், குட்டையாகவே சொல்லியிருக்கிறேன், எப்படியும் வளரும். வந்து சேர்ந்ததும் உள்ளே ஒன்றும் மறைக்காமல் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து பால் வாங்கிவிட்டு வா, நான் பட்டதில் பாதியாவது நீயும் படு.

உடம்பைப் பார்த்துக்கொள். நினைத்த காரியம் எல்லாம் நல்லபடியாக நடந்து, நோய்நொடி இல்லாமல் நீ நிறைவாக இருக்க வேண்டும், இதை மட்டும் நான் கிண்டலாகச் சொல்லவில்லை. ஒன்றை மறந்துவிடாதே. அந்தச் சட்டையைத் துவைத்தால் தொங்கவிடாதே, கெட்டியான துண்டு ஒன்றைத் தரையில் விரித்து அதன்மேல் படுக்கப்போட்டு உலர்த்து. இங்கே அப்பாவும் இப்போது அப்படித்தான் செய்கிறார். அதற்கென்று அவராகவே எடுத்து வைத்துக்கொண்டது குளியலறைக் கண்ணாடியின் மேல் கிடந்த அந்தப் பழைய துண்டைத்தான்.

இப்படிக்கு,
உன் கட்டுரைகளில் இன்னமும் நம்பிக்கை இல்லாத,
அம்மா