அப்பா அளந்த ஆகாய வழி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகம்தானே? தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய், மன்னித்துக்கொள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாவற்றையும் அவரே பேசி முடித்துவிடுகிறார்.

பிரசவத்துக்கு வரச் சொல்லி எங்களைக் கூப்பிட்டாயே, அன்றிலிருந்து உன் அப்பா விமான நிபுணர் ஆகிவிட்டார். தையல் கடையில், துணி வெட்டும் மேசைக்கு மேலே ஓர் உலகப்படம் மாட்டியிருக்கிறார். நம் ஊரிலிருந்து உன் ஊருக்கு சாக்பீஸால் நேர்கோடு இழுத்து, டேப் வைத்து அளந்து, இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் என்று துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். போன வாரம் டிக்கெட் போடும் ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த பெண் விமானம் போகும் வழியைக் கம்ப்யூட்டரில் காட்டினாள். அது நேராகப் போகாமல் வடக்கே ஏறி, பனிப் பிரதேசத்தை ஒட்டி வளைந்து இறங்கியது. அப்பாவுக்கு வந்ததே கோபம். நேரா வழி இருக்கறப்ப ஊரெல்லாம் சுத்திக் கூட்டிட்டுப் போறீங்களே, டாக்சிக்காரன்கூட எங்கிட்ட இந்த வேலையக் காட்டினதில்லம்மா என்றார். அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்து, மூன்று வருடம் பூகோளம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். பூமி உருண்டையைப் படத்தில் தட்டையாக விரித்தால் குறுக்குவழிதான் வளைவாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். நான் கைப்பையின் ஜிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

நடுவில் ஓர் ஊரில் விமானம் மாறிப் போனால் இருபத்திரண்டு மணி நேரம் என்றாள். தெரியாத ஊர்ல வழி தப்பிட்டா யாரக் கேக்கறது என்றார். சரி சார், நிற்காமல் போவது ஒன்று இருக்கிறது, பதினாறு மணி நேரம்தான் என்றாள். நிக்காமயா, இஞ்சின் ஆற வேணாமா என்றார். அவ்வளவு நேரம் உக்காந்தா முழங்கால் என்னத்துக்கு ஆகும் என்று வேறு கேட்டார். மிஷினில் உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டுக்கு நாலு தடவை கூப்பிட வேண்டிய மனிதர். கடைசியில் யோசிச்சு சொல்றோம் என்று எழுந்துவிட்டார். நான் லிஃப்டில் இறங்கி வாசலில் நின்றேன், அவர் வழக்கம்போல லிஃப்ட் கதவு மூடுவதற்குள் வெளியே நழுவி, மூன்று மாடியும் படியில் இறங்கி வந்தார். உடம்புக்கு நல்லது என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறார், நானும் கேட்டுக்கொள்கிறேன்.

அவருக்கு ஆசை இல்லை என்று மட்டும் நினைக்காதே. பிள்ளைக்குக் குட்டிக் குட்டிச் சட்டைகளாகத் தைத்துத் தள்ளுகிறார், உடம்பில் உரசக் கூடாது என்று தையலை வெளிப்பக்கம் வைத்து. யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு ஒரு வாரம்தான் லீவு என்றாய், அதற்குப் பிறகு பச்சைப் பிள்ளையோடு நீ தனியாக என்ன செய்வாய்? மாத்திரையைத் தவறாமல் போடு, கனமாக எதையும் தூக்காதே, மாப்பிள்ளையை இப்போதே அடுப்படிப் பக்கம் பழக்கு. தாயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க எந்நேரமும் வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும், இவ்வளவு எழுதியும் அதற்குக் கை வரவில்லை. எனக்கு மட்டும் ஒரு டிக்கெட் போடு. போட்ட பிறகு, ஒரு இடம்தான் கிடைத்தது என்று அப்பாவிடம் நீயே சொல். கொஞ்ச நேரம் கத்துவார். ஆனால் நம்பிவிடுவார்.

உன் அம்மா